அப்பா குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்பு கட்டிய அன்று அப்பா குடியை விட்டார். 2023 மார்ச் மாதம். விட வைத்தது நான்தான். அம்மன் முன்னால் என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன், பண்ணினார். கண்ணெல்லாம் கலங்கி, "இனிமே தொட மாட்டேன் பாப்பா" என்றார். பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகப் படுத்தேன். மூன்றாம் நாள் இரவு அதே அப்பாவை வாசல் இஸ்தோப்புத் தூணில் சீலைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து "யார் நீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாள்பட்டுக் குடிக்கிற ஒருவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று அதுவரைக்கும் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. குடித்தால் ஈரல் கெடும், குடும்பம் கெடும் என்று பள்ளிக்கூடத்திலும் கோவிலிலும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நிறுத்தும்போது என்ன நடக்கும் என்று கேட்டதில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் மட்டும், இன்றைக்கும் நாலைந்து பேர் அப்பா குடித்த அளவுக்குக் குடிக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை என்னைப் போல சத்தியம் வாங்கக் காத்திருக்கும். அதற்காகத்தான் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா குவைத்தில் வீட்டு வேலை, போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. தம்பி கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். காம்பராவில், அதாவது எங்கள் லயத்து அறையில், அப்பாவும் நானும் மட்டும். அப்பாவுக்கு அப்போது 54 வயது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் அவர் வெட்டின மலையைக் கங்காணி மற்றவர்களுக்குக் காட்டுவாராம், அவ்வளவு சுத்தமான கைவேலை. முதலில் சம்பள நாளுக்கு மட்டும் குடித்தார். அம்மா போன பிறகு தினமும் ஆனது, கால் போத்தல் அரைப் போத்தலாக ஏறியது. ஒரு நாள் பேர், அதாவது நாட்கூலி, ஆயிரம் ரூபாயாக இருந்த காலம் அது. அவர் சம்பளத்தில் வீட்டுக்கு என்று ஒன்றும் வரவில்லை. அம்மா அனுப்பிய காசிலும் என் சம்பளத்திலும்தான் அடுப்பு எரிந்தது.

இப்போது திரும்பிப் பார்த்தால், உடம்பு முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. காலையில் அப்பாவின் கை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். ஒரு மூடி ஊற்றிக் குடித்ததும் நடுக்கம் நின்றுவிடும். "பாத்தியா, மருந்து" என்பார். நானும் வயதாகிறது, குளிர் என்று நினைத்தேன். போயா என்கிற பௌர்ணமி அன்று நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு, ஆகவே முதல் நாளே வாங்கி அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். ஒரு வெசாக் பண்டிகைக்குக் கடைகள் தொடர்ந்து பூட்டியிருந்தபோது வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கடைசியில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் தேடிப் போனார். அதை அவருடைய திமிர் என்று எடுத்துக்கொண்டு நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். காலையில் கை நடுங்குவது, குடித்ததும் அது அடங்குவது, ஒரு நாள் இல்லாவிட்டால் வேர்ப்பது, தூக்கம் இல்லாமல் போவது, இவை வீட்டில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய மூளையும் நரம்பும் சாராயத்துக்குப் பழகிவிட்டன என்று அர்த்தம். அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்கக் கூடாது. முன்பு ஒரு தரம் நிறுத்தும்போது வலிப்பு வந்தவர் என்றால் கட்டாயம் கூடாது. முதலில் வைத்தியசாலை, அப்புறம் கோவில்.

காப்புக்கு முந்திய இரவுதான் அவர் கடைசியாகக் குடித்தது. மறுநாள் சாயங்காலம் கோவிலில் நிற்கும்போதே சட்டை நனைந்திருந்தது. பக்தி என்று நினைத்தோம். இரவு முழுக்கப் புரண்டார், விடியச் சாமம் நாலு மணிக்கு ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கை கால் வெட்டி இழுத்து வாயில் நுரை. எதிர்க் காம்பரா மாமா ஓடி வந்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தார், இன்னொருவர் பல்லுக்கு நடுவில் கரண்டியை நுழைத்தார். அதில் ஒரு பல் உடைந்தது. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, பதறிப் போய் அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஆனால் வலிப்பு வந்தவரின் வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது என்று பிறகு தாதி சொன்னார். பக்கத்தில் இடிபடக்கூடிய சாமானை நகர்த்த வேண்டும், இழுப்பு ஓய்ந்ததும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பார்த்து வைக்க வேண்டும், நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சாவிக்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய பிழை. விடிந்ததும் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். என்ன சுகமில்லை என்று கேட்டபோது, "காய்ச்சல், மூன்று நாளாகச் சாப்பிடவில்லை" என்றேன். குடியைப் பற்றி வாயே திறக்கவில்லை, வலிப்பையும் மயக்கம் என்றுதான் சொன்னேன். வரிசையில் எங்கள் தோட்டத்துப் பொம்பளைகள் நின்றார்கள், வெட்கம். இரத்தம் சோதித்து, குளுக்கோஸ் சேலைன் ஏற்றி, ஒரு சத்து ஊசியும் போட்டு அனுப்பினார்கள். 12,000 ரூபாய். நான் பொய் சொன்னால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? தயவு செய்து இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: டொக்டரிடம் போனதும் முதல் வசனமாகச் சொல்ல வேண்டியது, தினமும் எவ்வளவு குடிப்பார், எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எந்த நாள் எத்தனை மணிக்கு. பாஷை கஷ்டம் என்றால் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஆள் நின்றால் அந்தத் துண்டை நீட்டினால் போதும், யார் காதிலும் விழாது.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் அப்பா சுவரைத் தட்டத் தொடங்கினார். பூச்சி ஊர்கிறது என்றார். கூரைத் தகரத்தில் யாரோ நடக்கிறார்கள் என்றார். செத்துப்போன தாத்தா வாசலில் நிற்பதாகச் சொல்லிக் கும்பிட்டார். பிறகு கவ்வாத்துக் கத்தியைத் தேடினார். கோவிலில் தப்பு அடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் வெறி கூடியது. காப்பு கட்டிவிட்டுத் தீட்டுப் பட்டுவிட்டது, முனி பிடித்துவிட்டது என்று லயத்தில் பேச்சு. எனக்கும் அப்படித்தான் பட்டது, மறைக்க விரும்பவில்லை. தூரத்தில் இருந்து பேய் ஓட்டுகிற ஒருவரை வேன் வைத்துக் கூட்டி வந்தோம். வேனுக்கு 6,500, பூசைக்கு 15,000. கிளினிக் காசோடு சேர்த்து 33,500 ரூபாய், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த 60,000-இல் பாதிக்கு மேல் அந்த இரண்டு நாளில் போய்விட்டது. அதைவிடப் பெரிய நட்டம் அந்த ஒரு இரவு. விடிய விடிய வேப்பிலை அடித்தார்கள், சாம்பிராணிப் புகை போட்டார்கள், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. காலையில் அப்பாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது, நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

அன்று தற்செயலாக லயத்துக்குக் கர்ப்பிணிகளைப் பார்க்க மருத்துவிச்சி அம்மா வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சாரு?" நான் சொன்னதும் போனை எடுத்து 1990-க்கு அடித்தார். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, ஒரு சதம் கேட்கவில்லை. இலவச அம்புலன்ஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது விபத்துக்கும் நெஞ்சு வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், குடிகாரருக்கு வருமா என்று கூச்சம். வரும்.

அரசாங்க வைத்தியசாலையில் ஒன்பது நாள். அந்த வார்டில் இருந்த சிங்கள டொக்டர் பொறுமையாகத் தமிழில் விளங்கப்படுத்தினார். சாராயம் மூளையை அமுக்கி மந்தமாக்கும். தினமும் அப்படி அமுக்கினால் மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். ஒரு நாள் சாராயத்தைச் சட்டென்று எடுத்துவிட்டால் வேகம் மட்டும் மிஞ்சும், கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் போன லொறி மாதிரி. கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலத்தில் இருந்தே நடுக்கமும் வேர்வையும் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சல் ஏறலாம். இந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் ஆள் சாகலாம், நேரத்துக்கு மருந்து கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அவர் சொன்ன மணித்தியாலக் கணக்கை நான் மனதுக்குள் எங்கள் மூன்று நாளோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. அம்மனும் முனியும் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை, மூளைதான் அலறியிருக்கிறது. வைத்தியசாலையில் இதற்கு மூளையை அமைதிப்படுத்தும் டயஸிபாம் வகை மருந்தைக் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துகிறார்கள். அந்த மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஆள் அதன்மேல் சாராயமும் குடித்தால் மூச்சே நின்றுபோகலாம்.

அதோடு போட்ட ஊசி ஒன்று, விற்றமின் பி1, தயமின். அந்த ஊசியைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் அப்பாவின் உடம்பு எத்தனை வருடமாகப் பட்டினி கிடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நிறையக் குடிக்கிறவருக்குப் பசி குறைந்துபோகும், சாராயத்திலும் கலோரி இருக்கிறது. ஒரு கிராம் மதுவில் 7 கலோரி. அரைப் போத்தல் சாராயத்தில் 100 கிராம் அளவுக்கு மது, அதாவது 700 கலோரி, மூன்று தேத்தண்ணிக் கோப்பை அளவு சோற்றுக்கு மேலே. ஆனால் புரதம் இல்லை, விற்றமின் இல்லை, ஒன்றும் இல்லை. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைப்பார். சாப்பிடுகிற கொஞ்சமும் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும். அதில் இருக்கிற தயமினைக்கூடக் குடல் உறிஞ்சாமல் மது தடுக்கிறது, ஈரலும் சேர்த்து வைக்க முடியாமல் போகிறது. தயமின் வற்றினால் நரம்பு கெடும். அப்பா இரவில் உள்ளங்கால் எரிகிறது என்று சீமெந்துத் தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். இன்னும் முற்றினால் கண் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும், பிறகு புதிய விஷயம் எதுவுமே ஞாபகத்தில் நிற்காது. குடிக்காத நேரத்திலும் தள்ளாடுகிறவரை "இன்னும் வெறி இறங்கல" என்று விட்டுவிடக் கூடாது. நாள்பட்டுக் குடிக்கிறவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதானால் அதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் போட வேண்டும், உடம்பில் மிச்சமிருக்கிற கொஞ்ச தயமினையும் குளுக்கோஸ் இழுத்துச் செலவழித்துவிடும். நான் கிளினிக்கில் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அதைப் போட்டிருப்பார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஈரல் சுருங்கத் தொடங்கியிருந்தது, வயிற்றில் நீர். அப்பாவின் கை கால் குச்சியாக மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருந்ததை, "உன் அப்பனுக்கு என்ன, தொப்பை போட்டு நல்லாத்தான் இருக்கான்" என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். முதலில் ஈரலில் கொழுப்புப் படிகிறது, அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் தேறிவிடும். அப்போது வலி இருக்காது, மஞ்சள் இருக்காது, யாருக்கும் தெரியாது. தழும்பு விழுந்து இறுகிய பிறகு பழையபடி ஆகாது, ஆனாலும் நிறுத்தினால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். இதைக் கேட்டு வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வைத்தியசாலையும் வீடுமாக அலைந்ததில் புடவைக் கடை வேலையும் போயிருந்தது. 19 நாள் வரவில்லை என்று கணக்கு முடித்துவிட்டார்கள். குவைத்தில் இருந்து அம்மா எடுத்தால் "அப்பாவுக்குக் காய்ச்சல், பரவாயில்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரில் கிடைத்த புத்திமதி பாதி தலைகீழ். ஈரல் கெட்டவருக்கு முட்டை, மீன், பருப்பு ஆகாது என்று கஞ்சித் தண்ணீரிலேயே வைக்கச் சொன்னார்கள். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் சொன்னது நேர் எதிர். ஈரல் சுருங்கியவருக்குச் சதை கரைந்துகொண்டே இருக்கும், அவருக்குத்தான் புரதம் கூடுதலாக வேண்டும். உப்பைத்தான் குறைக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் வயிற்று நீரைக் கூட்டும். கருவாட்டை நிறுத்துவதுதான் எங்கள் வீட்டில் சாராயத்தை நிறுத்துவதற்கு அடுத்த சண்டை. பருப்பு, பாசிப்பயறு, கௌபி, அவித்த முட்டை, தவிடு போகாத சிவப்பரிசி, வல்லாரையும் பொன்னாங்காணியும், இவ்வளவுதான், எல்லாம் டவுனில் கிடைப்பதும் வேலியில் முளைப்பதும். இன்னொன்று, நீண்ட நேரம் வெறும் வயிறு கூடாது. நல்ல ஈரல் இராத்திரிப் பட்டினிக்கென்று சீனியைச் சேமித்து வைக்கும், கெட்ட ஈரலால் முடியாது, விடிவதற்குள் உடம்பு தன் சதையையே தின்னும். அதனால் படுக்கப் போகும் முன் ஏதாவது கொடுக்க வேண்டும். அப்பா விரதக்காரர், வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருப்பவர். அதை நிறுத்தச் சொல்ல டொக்டரைத்தான் பேச வைத்தேன், என் பேச்சு எடுபடவில்லை. தலைவலிக்கு இரண்டு இரண்டாகப் பனடோல், அதாவது பரசிட்டமோல், போடும் பழக்கத்தையும் டொக்டர்தான் நிறுத்தினார். ஈரல் கெட்டவர் அதைக்கூட அளவு கேட்டுத்தான் போட வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ வாந்தியில் இரத்தம் வந்தாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. உணவுக் குழாயில் வீங்கிய இரத்தக் குழாய் வெடித்திருக்கலாம்.

குளிருக்குத்தான் குடிக்கிறோம் என்று மலைநாட்டில் சொல்லாத ஆள் இல்லை. நானும் பல வருடம் அதை ஒரு நியாயமாக எடுத்திருந்தேன். மது தோலில் இருக்கிற இரத்தக் குழாய்களை விரித்துவிடும், உள்ளே இருக்கிற சூடு தோலுக்கு வரும், சூடாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் அந்தச் சூடு வெளியே போய் உடம்பு உள்ளே குளிர்ந்துவிடும். ஒரு ஜனவரி மழையில் அப்பா வடிகானில் விழுந்து கிடந்து விறைத்துப் போயிருந்தது அதனால்தான். வெற்றிலையும் புகையிலையும் போட்டுக்கொண்டு சாராயமும் குடித்தால் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வருகிற ஆபத்து பல மடங்கு கூடுகிறது. மது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988-லேயே சொல்லிவிட்டது. நாங்கள் இன்னும் அதை அலுப்பு மருந்து என்கிறோம்.

அப்பா மறுபடி ஒரு தரம் விழுந்தார். அந்த வருடத் தீபாவளிக்கு அட்வான்ஸ் காசு கையில் வந்தது, கூட்டாளிகள் வந்தார்கள், மூன்று வாரம் தொடர்ந்து குடித்தார். எனக்கு அவரைக் கொல்லலாம் போல இருந்தது. ஆனால் இந்தத் தரம் சத்தியம் வாங்கவில்லை, போத்தலை உடைக்கவில்லை. 1926-க்கு, அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், அடித்துப் பேசிவிட்டு, ஒரு துண்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அவர் கடைசியாகக் குடித்த அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். ஐந்து நாள் வைத்திருந்து மருந்தோடு நிறுத்தினார்கள். வலிப்பு இல்லை, பூச்சி இல்லை, தாத்தா வரவில்லை. அதே ஆள், அதே சாராயம். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் தானே கொல்லைப் பக்கம் போய் வல்லாரை பறித்துக்கொண்டு வந்தார். கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் கீரையை ஆய்ந்துவிட்டார்.

கால் எரிச்சல் இன்னும் முழுக்கப் போகவில்லை. மாதம் ஒரு தரம் கிளினிக் கொப்பியோடு நாங்கள் இருவரும் பஸ் ஏறுகிறோம். சங்கிலியைத் திருப்ப முடியாமல் அது மூழ்கிவிட்டது. அம்மா அடுத்த மாதம் வருகிறார். சங்கிலி எங்கே என்று கேட்பார், அப்போது தூணில் கட்டி வைத்த இரவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நானே சொல்றேன் பாப்பா, நீ சும்மா இரு" என்று நேற்று இரவு முட்டையைத் தின்றுகொண்டே அப்பா சொன்னார்.